ஏரி என்ற சொல் மறைப்பது

கடந்த சனவரியில் என் பெற்றோரும் அக்காவும் அவளுடைய எட்டு வயது மகனும் என்னைக் காணப் புவனேசுவரம் வந்திருந்தனர். ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் இருப்பவளுக்குக் குடும்பத்தோடு கழிக்க ஒரு முழு நாள் வாய்ப்பதே அரிது. சிலிகா ஏரிக்குச் செல்வது என்று முடிவாயிற்று. பேரனுக்கு மீன்பிடிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று அப்பா ஊரிலிருந்தே ஒரு தூண்டிலைக் கொண்டுவந்திருந்தார்.

சாதபடா துறையில் விசைப்படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். சிறிது தொலைவு சென்றதும், மூங்கில் கழிகள் நட்டு வலை கட்டியிருந்த ஓரிடத்தருகே அப்பா தூண்டிலை எடுத்தார். படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, பணிவாகவே மறுத்தார்: "இங்கே வேண்டாம் ஐயா, இது ஒரு ஊருக்கு உரிய இடம்." நான் ஒடியாவிலிருந்து தமிழில் சொன்னேன். அப்பா சற்று நேரம் அந்தக் கழிகளையே பார்த்திருந்தார். பிறகு, "நம்ம பழவேற்காட்டுல பாடுன்னு சொல்வாங்களேம்மா, அதுமாதிரி" என்று கூறித் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டார்.

பொன்னேரிப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். பழவேற்காட்டில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலையிடலாம் என்பதை மீனவர்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. சிலிகாவிலும் இதற்கு இணையான ஏற்பாடுகள் உண்டு. மூங்கில் தட்டிகளால் அடைத்து மீன்பிடிக்கும் பரப்பு 'ஜானோ'. வலைவீசும் திறந்த நீர்ப்பரப்பு 'பஹானி'. நீரின் பெயரே அங்கு நடக்கும் தொழிலின் பெயராக இருக்கிறது. மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இதுவே என்னைச் சிந்திக்க வைத்தது. நாம் 'ஏரி' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பிட்டுக் கடந்துபோகும் பரப்பை, அங்கு வாழ்வோர் வயல்களைப் போலப் பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். பிறருடைய வயலில் இறங்கிக் கதிர் கொய்வதை நம்மில் எவரும் விடுமுறைப் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. நீரில் மட்டும் வரப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த வரப்புக்காக உயிரே போயிருக்கிறது. இறால் வளர்ப்பில் பெரும்பணம் புழங்கத் தொடங்கிய பின், மரபான மீன்பிடி இடங்கள் பலவற்றை அடைப்புகள் விழுங்கின. 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒரே தீர்ப்பில் இடம்பெற்ற அந்த இரண்டு பெயர்களும் அன்று எங்கள் படகிலும் சேர்ந்தே ஒலித்தன. தீர்ப்புக்குப் பின்னும் அடைப்புகள் நீங்கவில்லை. மீனவர்களே அவற்றை அகற்றப் போராடினர். 1999 மே மாதத்தில் சோரனா கிராமத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

ஏரியும் ஒருமுறை சாவின் விளிம்புவரை சென்று மீண்டதுதான். வண்டல் படிந்து கடலுடனான தொடர்பு குன்றியதால் உப்புத்தன்மை குறைந்தது, மீன்வளமும் சரிந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின்னரே மீன்கள் திரும்பின. ஆபத்தில் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலிருந்து 2002இல் சிலிகா நீக்கப்பட்டது.

சுற்றுலாவும் அம்மக்களுக்குச் சோறு போடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். எங்கள் படகோட்டியும் மீனவக் குடும்பத்தவரே. ஆனால் அன்று ஐராவதி ஓங்கில்கள் தலைகாட்டியபோது நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். நான்கைந்து படகுகள் ஒரே நேரத்தில் அவற்றைச் சூழ்ந்தன. "இன்னும் கிட்டப் போங்க" என்று கத்தியவர்கள் அனைவரும் பயணிகள். எங்கள் படகிலும் அக்குரல் எழுந்தது, எழுப்பியவள் நான். கூலி தருபவர் கேட்கும்போது மறுக்கும் நிலையில் படகோட்டிகள் இல்லை. தூண்டிலைத் தடுத்தவரால் என்னைத் தடுக்க முடியவில்லை. ஊருக்கு உரிய இடத்தைக் காக்க அவருக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றது; ஓங்கிலுக்காகப் பேச அவருக்குப் பின்னால் எவரும் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் பயணிகளாகிய நாமே.

ஆகவே ஏரிகளுக்குச் செல்லாதீர்கள் என்று சொல்லமாட்டேன். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். படகில் ஏறும்போதே, "விலங்குகளை நெருங்க வேண்டாம், தொலைவில் நின்றாலே போதும், கூலி குறையாது" என்று சொல்லிவிடுங்கள். தூண்டில் போடும் முன் அந்த இடம் யாருடையது என்று கேளுங்கள். மீன் வேண்டுமென்றால் கரையில் விற்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அன்று மாலை அம்மா கரையில் இறால் வாங்கினார். அக்கா மகன் மட்டும் ஒரு மீனும் பிடிக்காத ஏமாற்றத்தில் இருந்தான். திரும்பும் வழியில், "அப்போ இந்தத் தண்ணியெல்லாம் யாரோடது தாத்தா?" என்று கேட்டான். "கேட்டுட்டுத்தான் இறங்கணும்டா" என்றார் அப்பா. அந்நாளில் அவன் கற்றுக்கொண்டது அதுவே என்றால், தூண்டில் வீணாகவில்லை.