மறுப்புக்கு ஐந்து காசு

திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் பலர் நாலுமூலைக் கேணியை எட்டிக்கூடப் பார்க்காமல் திருச்சி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800இல், கம்பன் அரையன் வெட்டுவித்த கிணறு அது. யார் வெட்டியது, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது எல்லாம் கல்லிலேயே இருக்கிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், திருநெல்வேலிக்கு அருகே மானூரில், சபையார் கூடித் தங்களுக்கே விதி வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டு. எதைக் கொண்டுவந்தாலும் 'அன்று, அன்று' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குத் துணை நிற்கிறவருக்கும், தனித்தனியே ஐந்து காசு தண்டம். வேதம் கற்ற, நிலப்பங்கு உள்ள பிராமணர்களின் சபை அது. உழுகிறவனுக்கு அங்கே மறுப்புச் சொல்லக்கூட இடமில்லை. ஆனால் அந்த விதியில் ஒரு நியாயம் உண்டு. தடுக்கிறவன் அதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

இன்றைய சபைகளுக்கு வருவோம். அமெரிக்க செனட்டில், பேசிப் பேசியே மசோதாவைத் தடுக்கும் 'ஃபிலிபஸ்டர்' என்று ஒரு வழக்கம். அங்கே பேச்சுக்கு நேரக் கெடு இல்லை. பேச்சை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 100 பேரில் 60 பேர் சம்மதிக்க வேண்டும். 1957இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வந்த மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மாண்ட் 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசினார். மசோதா நிறைவேறியே தீர்ந்தது. மோசமான காரியத்துக்காகப் பேசினார் என்றாலும் கால் வலித்தது அவருக்குத்தான். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. தடுக்கப்போவதாகத் தெரிவித்தாலே பெரும்பாலான மசோதாக்கள் அப்படியே கிடக்கின்றன.

நம் நாடாளுமன்றத்தில் கட்சி பலத்தைப் பார்த்து நேரம் பங்கிடப்படும்; நேரம் முடிந்தால் மணி அடிக்கும். பேசித் தடுக்க வழியில்லாததால் கத்தித் தடுக்கிறார்கள். 1998 ஜூலையில் நம் தம்பிதுரை சட்ட அமைச்சராக இருந்தபோது மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு நடந்தது அதுதான்: தாளைப் பறித்துக் கிழித்தார்கள். 1996இல் முதலில் வந்த அந்த யோசனை சட்டமாக 2023 ஆயிற்று. கிழித்த கட்சிக்காரர்கள் யாரும் ஐந்து காசு கட்டவில்லை.

தடுக்கவே முடியாத சபையும் நல்லதில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், எதிர்க்கட்சிகள் எண்ணிக்கை வாக்கெடுப்புக் கேட்டும், வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. உள்ளே நடக்காத விவாதம் தில்லி எல்லையில் விவசாயிகளின் டிராக்டர்களோடு ஓராண்டு நடந்தது. 2021 நவம்பரில் சட்டங்களே ரத்து.

என்னைக் கேட்டால், அந்த 60 பேர் விதியை அமெரிக்கர்கள் கைவிடலாம். சிறுபான்மைக்கு வேண்டியது பேச நேரம். பேசாமலே பூட்டுப் போடும் அதிகாரம் அல்ல. நமக்கோ பேசும் நேரமே போதவில்லை. ஓர் உறுப்பினர் கேட்டால் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாக வேண்டும்.

திருவெள்ளறை இருக்கும் மண்ணச்சநல்லூர் வட்டாரத்திலிருந்து அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறாதீர்கள். காரணத்தைச் சொல்லி, உங்கள் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.