கொப்பியடித்த படங்கள் என்று சிரிப்பதற்கு முன்

கொஞ்ச நாளாக நம்ம ஊர் தம்பிமார் பலர் ஒரு பழைய படத்தின் துண்டைப் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் இரண்டு கும்பல்கள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் ஒருவர் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் அடிக்கிறார் என்று படம் முடியும்வரை யாரும் சொல்வதில்லை. உண்மையில் சிரிப்புத்தான். நானும் சிரித்தேன்.

அது என்ஸோ காஸ்டெல்லாரி 1982இல் இயக்கிய '1990: புரொங்ஸ் வாரியர்ஸ்' என்ற இத்தாலியப் படம். ஆனால் அதற்குக் கீழே எழுதப்பட்ட கருத்துகளில் ஒன்று எனக்கு உடன்பாடில்லை: "ஹொலிவூட்டைப் பார்த்துக் கொப்பியடித்த குப்பை." கொப்பி என்பது சரி. குப்பை என்பதைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்குக் கொப்பியடிப்பதைப் பற்றி ஓரளவு தெரியும். பார்த்து எழுதும் பிள்ளைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒருவன் முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே இறக்கி வைப்பான். இன்னொருவன் பாதியில் அடுத்தவனின் தாளை விட்டுவிட்டுத் தன் பாட்டில் எழுதத் தொடங்கிவிடுவான்.

முதலில் அந்தக் காலத்து நிலைமை. 1976இல் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அரச தொலைக்காட்சியின் ஏகபோகத்தை உடைத்து, உள்ளூர்த் தனியார் நிலையங்களுக்கு இடம் கொடுத்தது. வீட்டில் இலவசமாக இரவு முழுக்கப் படம் ஓடினால் யார் தியேட்டருக்குப் போவார்? 1955இல் அந்த நாட்டில் 80 கோடிக்கு மேல் சினிமா டிக்கட் விற்றிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அது சுமார் 12 கோடி. இத்தாலிக்குள் மட்டும் ஓட்டிப் பிழைக்க முடியாது, வெளிநாட்டுக்கு விற்கத்தான் வேண்டும். அதனால் பெயர்களே மாறின. செர்ஜியோ மார்ட்டினோ 'மார்ட்டின் டோல்மன்' ஆனார். அன்டோனியோ மார்கெரிட்டி 'அந்தனி எம். டோசன்', புரூனோ மத்தேய் 'வின்சென்ட் டோன்'. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் வசனம் பேசுவார்கள், குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 'மேட் மெக்ஸ் 2', 'எஸ்கேப் ஃபுரொம் நியூயோர்க்' இரண்டும் 1981இல் வெற்றி பெற்றதும் அதே பாணியில் ஒரு வரிசையே வந்தது. இப்படி ஒரே ஓட்டத்தில் வரும் படங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபிலோனே', அதாவது சுரங்கத்தில் தாதுப்பொருள் ஓடும் கோடு. கிடைக்கும்வரை தோண்டு, தீர்ந்தால் அடுத்த கோடு.

இனி ஒரு வேடிக்கை. நியூயோர்க் நகரமே சிறைச்சாலையாகிவிட்டது என்று சொன்ன அமெரிக்கப் படத்தின் பெரும்பகுதி நியூயோர்க்கில் எடுக்கப்படவில்லை. செயின்ட் லூயிஸ் நகரில் எடுத்தார்கள். அதைக் கொப்பியடித்த இத்தாலியர்கள்தான் கமராவைத் தூக்கிக்கொண்டு உண்மையான புரொங்ஸுக்குப் போனார்கள். 70களில் எரிந்து, ஆளில்லாமல் கிடந்த கட்டடங்கள் அந்தப் படத்தில் நிற்கின்றன. உள்காட்சிகளை ரோமில் எடுத்தார்கள், அது வேறு கதை.

அடுத்த ஆண்டு, 1983இல், 'எஸ்கேப் ஃபுரொம் த புரொங்ஸ்' என்று இரண்டாவது படம் வந்தது. இதில் ஒரு பெரிய கொம்பனிக்கு அந்த நிலம் வேண்டும். பழைய வீடுகளை இடித்துப் புது நகரம் கட்டப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு நியூ மெக்ஸிகோவில் வீடு தருவதாக ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். போக மறுப்பவர்களை வெள்ளி நிற உடை போட்டவர்கள் வந்து வீட்டோடு எரிக்கிறார்கள். கதாநாயகனின் தாயும் தகப்பனும் அப்படித்தான் சாகிறார்கள். நடிப்பு சுமார்தான், துப்பாக்கிச் சூட்டுக்கு முடிவே இல்லை. ஆனாலும் ஏழைகளைக் கிளப்பிவிட்டு நிலம் பிடிக்கும் கதையைக் கார்பென்டரின் படத்தில் நான் பார்க்கவில்லை. இதைத்தான் அடுத்தவனின் தாளை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதியது என்று சொன்னேன்.

இப்படி இன்னும் இருக்கிறது. மார்ட்டினோவின் '2019: ஆஃப்டர் த ஃபோல் ஒஃப் நியூயோர்க்' 1983இல் வந்தது. அதில் உலகத்தில் குழந்தைகளே பிறப்பதில்லை, பிள்ளை பெறக்கூடிய கடைசிப் பெண்ணைத் தேடிப் போகிறார்கள். 2006இல் 'சில்ட்ரன் ஒஃப் மென்' வந்தபோது எல்லோரும் வியந்த விஷயம் இதற்கு மிக நெருங்கியது. லூசியோ ஃபுல்சி 1984இல் எடுத்த படத்தில், 2072ஆம் ஆண்டு ரோமில் தொலைக்காட்சி நிலையங்கள் போட்டிக்காகக் கைதிகளைச் சாகும்வரை சண்டையிடவிட்டு நேரடியாக ஒளிபரப்புகின்றன. 'ரன்னிங் மேன்' படம் வந்தது 1987இல். தனியார் தொலைக்காட்சி தங்கள் பிழைப்பைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்த படம் அது. கோபம் இருக்காதா?

கொப்பி ஒரு பக்கமாக மட்டும் போகவுமில்லை. மாரியோ பாவா 1965இல் எடுத்த விண்வெளிப் படத்தில் ஓர் அந்நியக் கிரகத்தில் ராட்சத எலும்புக்கூடு கிடக்கும். 1979இன் 'ஏலியன்' பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அந்தக் கிரகத்துக்குத் தன்னிடம் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் பாறையும் நிறையப் புகையும்தான் என்று பாவா சொல்லியிருக்கிறார். பிரிஸ்டல் போர்ட்டையும் ரெஜிபோமையும் வைத்துக் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு அந்த மனிதரின் அருமை விளங்கும்.

எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. மத்தேய் 1989இல் வெனிஸில் ஒரு படம் எடுத்தார். 'டெர்மினேட்டர் 2' என்று பெயர் போட்டு விற்றார்கள். கமரூனின் உண்மையான இரண்டாம் பாகம் வந்தது 1991இல். உள்ளே இருந்ததோ பெரும்பாலும் 'ஏலியன்ஸ்' படத்தின் காட்சிகளைத் திரும்ப நடித்தது. சீனி என்று எழுதிய பைக்குள் உப்பைக் கட்டி விற்பது போன்ற வேலை. அதற்குப் புள்ளி இல்லை.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. மார்ட்டினோவின் 'ஹேண்ட்ஸ் ஒஃப் ஸ்டீல்' படப்பிடிப்பு 1985 ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. ஹெலிகொப்டர் பாலத்தில் மோதி விழுந்தது. நடிகர் கிளோடியோ கசினெல்லியும் விமானியும் இறந்துபோனார்கள். "மலிவுப் படம், அப்படித்தான் நடக்கும்" என்று இதற்கும் சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் விக் மோரோவின் கதையையும் கேட்க வேண்டும். 'புரொங்ஸ் வாரியர்ஸ்' படத்தின் வில்லன் அவர்தான். 1982 ஜூலையில் 'டுவைலைட் ஸோன்' படப்பிடிப்பில் ஹெலிகொப்டர் விழுந்து இறந்தார். அது இத்தாலிக்காரர்களின் படமல்ல, வோர்னர் பிரதர்ஸின் படம், பணத்துக்குப் பஞ்சமில்லை. அவரோடு 7 வயதும் 6 வயதுமான இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். இரவு வேலைக்குச் சட்டம் அனுமதிக்காத வயது, அனுமதிப்பத்திரம் எடுக்காமல் இரகசியமாகக் கூட்டி வந்திருந்தார்கள். வழக்கு நடந்தது, 1987இல் இயக்குநர் உட்பட எல்லோரும் விடுதலையானார்கள்.

ரெஜிபோம் கோட்டையைப் பார்த்துச் சிரியுங்கள், அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பணம் குறைந்ததை ஒரு குற்றமாகவும் பணம் கொட்டியதை ஒரு தகுதியாகவும் எடுத்துக்கொண்டால், அந்த இரண்டு பிள்ளைகளின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பார்க்க விரும்பும் தம்பிமார் 'எஸ்கேப் ஃபுரொம் த புரொங்ஸ்' படத்தில் தொடங்கலாம். முதல் அரை மணித்தியாலம் பொறுமை வேண்டும். இரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். டிரம்ஸ்காரர் அதில் இல்லை, அவர் முதல் படத்தில் மட்டும்தான்.