பைக்குள் சுருண்ட வேர்

ஆமத்தூர்ப் பக்கம் அங்கத்தினர் ஒருவர் நான்கு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொய்யா, சென்ற ஆடிக் காற்றில் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தோம். வேர்கள் மண்ணுக்குள் ஓடவே இல்லை. நாற்றுப்பையின் அளவிலேயே சும்மாடுபோலச் சுருண்டு தடித்திருந்தன. நிலம் சரியில்லை என்று அவர் எண்ணியிருந்தார். குற்றம் நிலத்தினுடையதன்று. அக்கன்றுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட எமக்கும் அதில் பங்குண்டு. எண்ணிக்கையைப் பார்த்தோமேயன்றி வேரைப் பார்த்தோமில்லை.

ஜப்பானில் போன்சாய் என்றொரு கலை உண்டு. தட்டில் நட்டது என்பது அச்சொல்லின் பொருள். இளமரத்தின் ஆணிவேரைக் குறுக்கி, சில ஆண்டுகளுக்கொருமுறை மண்ணை மாற்றி, தடித்த வேர்களை நறுக்கிச் சல்லிவேர்களைப் பெருக்குகிறார்கள். நம் நாட்டு ஆலையும் இச்சியையும்கூட இவ்வாறு தட்டில் வளர்ப்போர் உளர். சிறு தட்டில் அடைபட்டும் அம்மரங்கள் நெடுங்காலம் வாழ்வது வேரை உரிய காலத்தில் வெட்டுவதனால்தான். நாமோ கன்றைப் பையில் அடைக்கிறோம், வெட்டுவதில்லை.

வேர்நுனி பையின் சுவரில் முட்டியதும் வளைந்து சுற்றத் தொடங்குகிறது. நட்ட பிறகும் அவ்வளைவு நிமிர்வதில்லை. பருத்தபின் மரத்தின் அடியையே நெரிப்பதும் உண்டு. நுனியை வெட்டிவிட்டாலோ, வெட்டுக்கு மேலிருந்து கிளைவேர்கள் புதிதாகப் பிரிகின்றன. பாவில் விழுந்த சிக்கலைத் தறியில் ஏற்றுமுன் எடுக்கவேண்டும் என்பதை நெசவாள அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நடும்போது பையை முழுவதும் கிழித்து அகற்றுக. அடியில் சுருண்ட பகுதியைக் கூரிய கத்தியால் ஓரங்குலம் அறுத்துவிட்டு, பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக மெல்லக் கீறுக. மண்கட்டி உடையலாகாது. கோடையில் இவ்வேலை வேண்டாம். நம் வட்டாரத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பதால் அப்போது புதுவேர் எளிதில் பிடிக்கும். (பனைக்கு இத்தொல்லையே இல்லை. கொட்டையை நிலத்திலேயே ஊன்றிவிடுகிறோம்!)

அடி திறந்த, உட்புறம் வரியோடிய நாற்றுக்குழாய்கள் இப்போது கிடைக்கின்றன. சட்டத்தின்மேல் அந்தரத்தில் நிறுத்துவதால், கீழே எட்டிய வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து தானே நின்றுவிடும். விலை அதிகம் என்பார்கள். கழுவிப் பல பருவம் பயன்படுத்தலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கன்று வாங்குவதில் குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே பார்க்கும் வழக்கம் நம் சங்கங்களில் இருக்கிறது. விற்காமல் நாட்பட்ட கன்று மலிவாயும் உயரமாயும் இருக்கும். அவ்வுயரத்தைக் கண்டு நாமும் மகிழ்ந்துவிடுகிறோம். கன்று பையிலிருந்த மாதக்கணக்கை விற்பவர் எழுதித் தரவேண்டும் என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் செய்துகொள்வது நலம். நூற்றுக்கு இரண்டு கன்றைப் பை கிழித்து வேரைப் பார்த்த பிறகே பணப் பட்டுவாடா நடக்கட்டும். எமது கையொப்பமும் அதன் பிறகே.