மாமாவின் ஹெரால்டும் நாலு அகலச் சக்கரமும்

பி.காம். படித்தவனுக்குக் கார் மெக்கானிசம் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பாம்பன் பாலத்தின் நடுவில், வேட்டி தலைக்கு மேல் பறக்க, கையில் வீல் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதற்கு முன் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் அண்ணன். பரமக்குடியில் மிளகாய் மண்டி வைத்திருந்தவர். இப்போது வயது எண்பது. ராமநாதபுரத்தில் ஓய்வாக இருக்கிறார். அவர் ஓய்வாக இருந்தால் வீட்டில் வேறு யாருக்கும் ஓய்வு கிடையாது என்று அர்த்தம். 1967-ல் மிளகாயில் கொஞ்சம் காசு பார்த்த கையோடு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கினார். அதற்கு அடுத்த வருஷம் அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டார். எது முதலில் வீட்டுக்கு வந்தது என்பதை அத்தை இன்னும் மறக்கவில்லை.

ஹெரால்டு என்றால் இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெரியாது. அம்பாசடரும் ஃபியட்டும் இருந்த காலத்தில் மூன்றாவதாக ஓடிய கார். 1961 முதல் சென்னையில் செய்தார்கள். மூலம் இங்கிலாந்து ட்ரையம்ஃப் கம்பெனி. படம் போட்டவர் மிச்சலாட்டி என்கிற இத்தாலிக்காரர். இரண்டே கதவு. 948 சி.சி. இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்ட், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், முதலை வாயைப் பிளப்பது மாதிரி. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் தெருவில் ஆட்டோ இரண்டு தடவை முன்னே பின்னே போய்த் திரும்பும் இடத்தில் மாமா ஒரே ஒடிப்பில் திருப்புவார்.

மாமாவைப் பொறுத்தவரை அது கார் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார். சோழவரம் பழைய விமானத் தளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் மிளகாய் வசூலுக்கு மெட்ராஸ் போவதாகச் சொல்லிவிட்டு ரேஸ் பார்த்தவர். “இதோட சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கித்தான்டா 1962-ல வெள்ளைக்காரன் ஸ்பிட்ஃபயர்னு ஸ்போர்ட்ஸ் கார் செஞ்சான். இது அதுக்கு அண்ணன்” என்பார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்தக் கண்ணாடிதான் பிரச்னை. போன வருஷம் கண் டாக்டர், “பெரியவரே, இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டார். மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் எனக்குப் போன் வந்தது.

“மருமவனே, ஒரு தடவை அரிச்சல்முனை வரைக்கும் இந்த வண்டியில போயிட்டு வந்துடணும். நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.”

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாமா கார் வாங்கியபோது ராமேஸ்வரத்துக்கு ரோடே கிடையாது. மண்டபத்தில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். ரோடு பாலம் 1988-ல்தான் திறந்தார்கள். தனுஷ்கோடியோ 1964 புயலில் போய்விட்டது. அதற்குப் பிறகு மணலில் வேனும் ஜீப்பும்தான் போகும். அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தது 2017-ல். அதற்குள் அத்தைக்கு மூட்டு வலி, மாமாவுக்குச் சர்க்கரை, ஹெரால்டுக்குக் கார்புரேட்டர் என்று ஆளுக்கொரு வியாதி.

வண்டியை சர்வீஸ் செய்ய மதுரைக்கு எடுத்து வந்தேன். இன்ஜின் வேலை முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு சனி ஒரு டயர் கடை ரூபத்தில் வந்தது.

கடைப் பையன் ஹெரால்டைச் சுற்றி வந்தான். “சார், பாடி செம. ஆனா வீலைப் பாருங்க. சைக்கிள் டயர் மாதிரி இருக்கு. அகலமா அலாய் போட்டா சும்மா கிண்ணுனு நிக்கும்!”

ஒப்புக்கொள்ள வேண்டும், பையன் சொன்னது பொய் இல்லை. ஹெரால்டின் ஒரிஜினல் ரிம் மூன்றரை இஞ்ச். டயர் 5.20-13. அதாவது சுமார் 13 செ.மீ. அகலம். அவன் காட்டியது 175/70 ஆர்13. இந்தக் கணக்கு வரைக்கும் என் பி.காம். உதவியது. 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 13 ரிம்மின் இஞ்ச். 175-ல் 70 சதவீதம் 122.5. மேலே கீழே இரண்டு பக்கமும் சேர்த்து 245. ரிம் 330. ஆக மொத்த உயரம் 575. பழைய டயரும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. பேலன்ஸ் ஷீட் டேலி!

டேலி ஆகாத ஒரு ஐட்டம் இருந்தது. நாலு போல்ட்டும் நிற்கிற வட்டத்தின் அளவு. ஹெரால்டுக்கு அது மூன்றே முக்கால் இஞ்ச், அதாவது 95.25 மில்லிமீட்டர். கடையில் இருந்த அலாய் ஃபியட் காருக்கென்று செய்தது. 98.

“மூணு மில்லிமீட்டர்கூட இல்ல சார். ஓட்டையை லேசா ரீமர் விட்டா உக்காந்துடும்” என்றான். எனக்கும் மூன்று மில்லிமீட்டர் என்பது ரவுண்டிங் ஆஃப் செய்ய வேண்டிய தொகையாகத்தான் தெரிந்தது. ஆடிட் ஆபீஸில் இதைவிடப் பெரிய வித்தியாசங்களை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’டில் போட்டிருக்கிறேன்.

பழைய ரிம்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரி விடவில்லை. “உங்க மாமா கேட்டா என்ன பதில் சொல்வீங்க?” என்று நாலையும் சாக்கில் கட்டி, ராமநாதபுரத்தில் மாமா வீட்டுக் கொல்லையில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டாள். ஸ்டெப்னி மட்டும் டிக்கியில் பழையதாகவே இருந்தது. புண்ணியவதி!

மறுநாள் காலை மாமா வெளியே வந்து காரைப் பார்த்தார். நான் மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற மாதிரி நின்றேன்.

“என்னடா இது, கிளிக்கு யானைக் காலு?”

“சர்ப்ரைஸ் மாமா! இப்பத்தான் நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்!”

மாமா ஒன்றும் பேசவில்லை. நாலு சக்கரத்தையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

தெருமுனையிலேயே முதல் பாடம். இத்தனை நாள் ஒரே ஒடிப்பில் திரும்பிய கார், முழுசாக ஒடித்ததும் ‘கர்ர்ர்’ என்று உள்ளே எங்கோ டயரை உரசியது. ஸ்டியரிங்கோ ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. பவர் ஸ்டியரிங் என்ற வார்த்தை பிரபலமாவதற்கு முன்னால் பிறந்த கார் அது. உச்சிப்புளி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்னாலும் உரசியது. அத்தை உட்கார்ந்திருந்த பக்கம். “நான் என்ன அவ்வளவு கனமா?” என்று அத்தை கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி உருப்பட்ட ஆண்பிள்ளை கிடையாது. உண்மையில் அத்தை மேல் தப்பில்லை. ஹெரால்டின் பின் ஆக்சில் இரண்டு துண்டு. பறவை சிறகு மாதிரி மேலும் கீழும் ஆடும். சக்கரம் ஏறி இறங்கும்போது நேராக நிற்காமல் சாயும். குறுகலான டயர் சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. அகலமான டயர் சாய்ந்தால் ஓரம் மட்டும் தரையில் நிற்கும், மேல் விளிம்பு மட்கார்டில் முட்டும். அகலத்துக்குக் கொடுத்த காசில் பாதி அந்தரத்தில்!

மண்டபம் வரும்போது முன்னால் ‘டக்... டக்...’ என்று சத்தம்.

“மருமவனே, சத்தம் வருது.”

“அலாய் வீல்னா அப்படித்தான் மாமா.”

இப்படி நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏனென்றால் எனக்கு அலாய் வீல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

பாம்பன் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் உயர்ந்து போகும். இடது பக்கம் 2025-ல் திறந்த புது ரயில் பாலத்தை எல்லோரும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தில் பக்கவாட்டுக் காற்று ஓங்கி அடித்தது. ஸ்டியரிங் என் கையில் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது.

“நிறுத்து” என்றார் மாமா. சத்தம் போடவில்லை. மண்டியில் எடை தப்பாகப் போட்டவனிடம் பேசுகிற குரல்.

இறங்கிப் பார்த்தேன். முன் இடது சக்கரத்தில் நாலு நட்டில் ஒன்றைக் காணோம். இரண்டைக் கையாலேயே திருக முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு நட்டு. அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே கடல். பின் சீட்டில் அத்தையும் என் மனைவியும். எனக்கு முழங்கால் மடங்கிவிட்டது. ஸ்பேனரோடு நான் உட்கார்ந்தது அப்போதுதான். ஒரு டூரிஸ்ட் வந்து, “அண்ணே, வின்டேஜ் காரா? கொஞ்சம் தள்ளுங்க, செல்ஃபி” என்றான்.

எண்பது வயசு மாமா ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜாக்கியைத் தடவித் தடவிப் பொருத்தினார். பழைய ஸ்டெப்னியை மாட்டினோம். மற்ற மூன்றிலும் நட்டை இறுக்கினோம். நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு பாம்பன் வந்து சேர்ந்தோம். பின்னால் ராமேஸ்வரம் பஸ்கள் எங்கள் வம்சத்தை விசாரித்துக்கொண்டே வந்தன.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு லாரி மெக்கானிக். கழற்றிய அலாயைத் தூக்கிப் பார்த்தவர் ஓட்டையில் விரலை விட்டார். “ஓட்டையைப் பிடிச்சு இழுத்து முட்டை வடிவம் ஆக்கிட்டாங்க. நட்டோட கூம்பு உக்கார வட்டமான குழி வேணும் சார். இதுல ஒரு ஓரந்தான் பிடிக்கும். ஓட ஓட லூசாகும். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா போல்ட்டே முறிஞ்சிருக்கும்.” கூடவே ஹப்பைக் காட்டினார். புது ரிம் வெளியே தள்ளி நிற்பதால் சக்கரத்தின் பாரம் பேரிங்கை நெம்புகோல் மாதிரி இழுக்குமாம்.

டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர், தனுஷ்கோடிக்கு மணலில் வேன் ஓட்டியவர், எட்டிப் பார்த்தார். “மணலுக்குன்னு போட்டியா தம்பி? மணலுக்குக் காத்தை இறக்கினா போதுமே. டயர் தன்னால படர்ந்துக்கும்.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. சக்கரத்துக்கு 200. டயரில் காற்று சதுர செ.மீ.க்கு 1.7 கிலோ என்றால், தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 118 சதுர செ.மீ. ஒரு உள்ளங்கை. டயர் அகலமானால் அந்த உள்ளங்கை குறுக்கே நீளும், நெடுக்கே குறையும். பரப்பு பெரிதாக மாறாது. நல்ல ரப்பரும் சரியான ரிம்மும் இருந்தால் வளைவில் அகல டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அதுவே சீக்கிரம் மிதக்கவும் ஆரம்பிக்கும். அப்புறம் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. விபத்து நடந்திருந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்னை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். டீயும் சந்தேகம்.

மைத்துனன் கொல்லையில் கிடந்த சாக்கைக் குட்டி யானை வண்டியில் போட்டுக்கொண்டு வரும் வரை மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லாமல் நின்றேன்.

“அகலம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே” என்றார் கடைசியில். “அதே போல்ட் அளவுல நாலரை இஞ்ச் ரிம், 155 டயர். ஸ்பிட்ஃபயருக்கே கம்பெனிக்காரன் அவ்வளவுதான் போட்டான். அதுக்கு மேல இந்த ஆக்சில் தாங்காது.”

“தப்புதான் மாமா.”

“வண்டியை உன் பேருக்கு எழுதிடலாம்னு இருந்தேன்.”

‘இருக்கேன்’ என்று சொல்லவில்லை. ‘இருந்தேன்.’ தமிழில் இவ்வளவு பயங்கரமான ஒரு இறந்தகாலத்தை நான் கேட்டதில்லை.

பழைய சக்கரங்களை மாட்டி, பேரிங்கைப் பார்த்து, ராமேஸ்வரம் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த நேரத்துக்கு மேல் அரிச்சல்முனைக்கு வண்டி விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தமே இல்லாமல் ஓடியது கார். அதுவும் என் மேல் கோபமாக இருந்திருக்கலாம்.

அலாய் வீல்கள் இப்போது எங்கள் மொட்டை மாடியில் இருக்கின்றன. ஒன்றில் ரோஜா, ஒன்றில் துளசி. மற்ற இரண்டின் மேல் வடாம் தட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பினோம். இந்தத் தடவை ஒவ்வொரு நட்டையும் நானே இறுக்கினேன். மண்டபத்தில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன். பாம்பனில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன். “நட்டு தேஞ்சுடப் போகுதுடா” என்றார் மாமா. பேச ஆரம்பித்துவிட்டார்!

இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு கோடாக ரோடு. மாமா கண்ணாடி வழியாக எவ்வளவு பார்த்தார் என்று தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். முனையில் நிறுத்தியதும் இறங்கி பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

ஒரு கல்லூரிப் பையன் குனிந்து டயரைப் பார்த்தான். “தாத்தா, கார் சூப்பர். ஆனா வீல்தான் ரொம்ப ஒல்லியா இருக்கு. அகலமா அலாய் போட்டா செமயா இருக்கும்.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.