ஒதுக்கீட்டு ஆணைக்குப் பிறகும் உங்கள் பொறுப்பு உண்டு

பெறுநர்:
ஆணையர்,
தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்,
கிண்டி, சென்னை.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,



2019 முதல் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வை உங்கள் அலுவலகம் நடத்திவருகிறது. தரவரிசைப் பட்டியல், விருப்பப் பதிவு, தற்காலிக ஒதுக்கீடு, உறுதி செய்தல் எல்லாமே இணையவழியில் நடக்கின்றன. அப்பாவும் பிள்ளையும் ஊரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்த காலம் போய்விட்டது. சேர்க்கையை இவ்வளவு எளிதாக நடத்தும் உங்கள் அலுவலகத்தால் அடுத்த படியையும் எளிதாக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை முதலாண்டு மாணவர்களைப் பற்றியது. குறிப்பாக அவர்களின் முதல் செமஸ்டரைப் பற்றியது. அந்த செமஸ்டரில் அரியர் வைக்கும் பிள்ளைகளைப் பார்த்து, ‘இவனுக்கு இன்ஜினியரிங் சரிப்படாது’ என்று வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயமான தீர்ப்பு. அவர்களில் பலர் ஊர்ப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள். பாடமொழி, பாடத்தின் வேகம், தேர்வு முறை, தங்குமிடம் என்று நாலும் ஒரே மாதத்தில் மாறுகிறபோது கைகொடுக்க ஆளில்லாமல் தடுமாறுகிறார்கள். இந்த மாற்றத்தைக் கடக்க உதவுவதையும் சேர்க்கைப் பணியின் ஒரு பகுதியாக உங்கள் அலுவலகம் ஏற்க வேண்டும்.

கணிதத்திலிருந்து தொடங்குவோம், பயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள். பதினொன்றாம் வகுப்புக்கு அதில் இடமில்லை. அதனால் பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓட்டமாக முடித்துவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவிவிடுகிறார்கள். அணிகளும் அணிக்கோவைகளும், எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் ஆகிய அடிப்படைகள் எல்லாம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை முதல் செமஸ்டர் கணிதத்தின் முதல் அலகாக அணிகளை வைத்தது. அடுத்தது வகை நுண்கணிதம். பள்ளி தாண்டிக் குதித்த இடத்திலிருந்துதான் கல்லூரி பாடத்தைத் தொடங்குகிறது.

இத்தனைக்கும் அந்த முதல் அலகு எட்டாத பாடமல்ல. முதல் நிரையில் 4, 1. இரண்டாம் நிரையில் 2, 3 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். அதன் ஐகன் மதிப்புகளைக் காண வேண்டும். முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள 4-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 7. அணிக்கோவையின் மதிப்பு 12-இலிருந்து 2 போக, 10. கூட்டினால் 7, பெருக்கினால் 10 வரும் இரண்டு எண்கள் 5, 2. அவைதாம் விடை. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்திய பிள்ளைக்கு இது புரியும். ஆனால் ‘உனக்குத் தெரிந்த கணக்குதான் இது’ என்று சொல்லிக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக்காட்ட ஒருவர் வேண்டும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ஐந்து அலகுகளையும் குறித்த தேதிக்குள் முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குச் சுமை இரட்டிப்பு. நிரை, நிரல், அணிக்கோவை, நேர்மாறு, கலப்பெண் என்று கணக்கைப் படித்தவர்கள் அவர்கள். கல்லூரியில் முதல் நாளே ரோ, காலம், டிடர்மினன்ட், இன்வர்ஸ், காம்ப்ளக்ஸ் நம்பர் என்று கேட்கிறார்கள். கணக்கு தெரியும், கேள்வி புரியாது. கையைத் தூக்கிக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தை ஆசிரியர் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார். முதல் இன்டர்னல் தேர்வுத் தாள் கைக்கு வரும்போது மாணவர் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். பிறகு அதை மாற்றுவது கடினம். சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் நடத்த அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே முன்வந்தது. ஆங்கிலவழி வகுப்பில் உட்காரும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு, பாடம்தோறும் ஒரு கலைச்சொல் பட்டியல் கொடுக்கும் சிறிய வேலை அதைவிடப் பெரிதல்லவே!

கணினி வகுப்பிலும் இதே கதைதான். 2021 ஒழுங்குமுறை எல்லாப் பிரிவினருக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தானை வைத்தது. செல்போனைத் தவிர வேறு திரையைத் தொட்டறியாத பிள்ளையும், எட்டாம் வகுப்பிலிருந்து கோடிங் வகுப்புக்குப் போன பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்கிறார்கள். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. ‘இஃப்’ வரிக்கு அடுத்த வரியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்காவிட்டால் நிரல் ஓடாது. திரையில் பிழைச் செய்தி வந்து நிற்கும். பிழை எந்த வரியில் என்பதையும் அந்தச் செய்தியே சொல்லிவிடும். அதை நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். லேப் நேரம் முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டால், வீட்டில் கணினி இல்லாத பிள்ளை அந்தப் பயிற்சியை எங்கே பெறுவது? பக்கத்தில் இருப்பவரின் நிரலைப் பார்த்து எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதுதான் நடக்கிறது.

கலந்தாய்வின் கடைசிச் சுற்றிலும் துணைக் கலந்தாய்விலும் சேர்பவர்களின் நிலை இன்னும் மோசம். கட்-ஆஃப் குறைந்தவர்களுக்கே அந்தச் சுற்றுகளில் இடம் கிடைக்கிறது; கூடுதல் கவனம் வேண்டியவர்களும் அவர்கள்தாம். ஆனால் பல கல்லூரிகளில் அவர்கள் வந்து சேரும்போது பாடங்கள் நகர்ந்திருக்கும். விடுபட்டதைப் பக்கத்து நண்பரின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வதோடு கல்லூரி தன் கடமையை முடித்துக்கொள்கிறது. கலந்தாய்வின் கால அட்டவணையை வகுப்பதில் உங்கள் அலுவலகத்துக்குப் பங்கு இருப்பதால், இதைச் சரிசெய்வதிலும் பங்கு இருக்கிறது.

அரசு இவர்களுக்காக எவ்வளவோ செய்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022-இல் புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்து மாதம் 1,000 ரூபாய் கைக்குக் கிடைக்கிறது. வேலைக்கான திறன்களைக் கற்றுத்தர நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. இத்தனையும் செய்து கல்லூரிக்குள் கொண்டுவந்து சேர்த்த பிள்ளை, முதல் செமஸ்டரிலேயே மூன்று நான்கு அரியர் வைத்து மனம் விட்டுப்போனால், அந்தத் திட்டங்களின் பலன் யாருக்குப் போய்ச் சேரும்? அரியர் சுமையோடு மூன்றாம் ஆண்டுக்குப் போகிறவருக்குத் திறன் பயிற்சியில் மனம் ஒன்றுமா? வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இல்லாதவர்களை மட்டுமே அழைப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதற்குப் புதுத் திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கெனவே மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்துத் தந்திருக்கிறது. மாணவர் இடத்துக்குப் பழகவும், ஆசிரியரோடும் சக மாணவரோடும் நெருங்கவும், விடுபட்ட அடிப்படைகளைச் சரிசெய்துகொள்ளவும் வகுக்கப்பட்டது அது. நடைமுறையில் பல கல்லூரிகளில் அது தொடக்க விழாவாகவும், சிறப்பு விருந்தினர்களின் ஊக்க உரைகளாகவும் சுருங்கிவிட்டது. ஏ.சி. அரங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கைதட்டுவதால் வகையிடல் வந்துவிடாது. அந்த மூன்று வாரத்தை அதன் நோக்கத்துக்கே திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோளின் மையம்.

அதற்காக ஆறு நடவடிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. ஒதுக்கீட்டு ஆணையைப் பதிவிறக்கும் அதே பக்கத்தில், முதலாண்டுப் பாடங்களுக்கான தமிழ் – ஆங்கிலக் கலைச்சொல் கையேட்டையும் வையுங்கள். பள்ளிப் புத்தகத்தின் சொல் ஒரு பக்கம், கல்லூரி வகுப்பில் கேட்கப்போகும் சொல் எதிர்ப் பக்கம், கீழே ஒரு சிறு எடுத்துக்காட்டு. அரசு பொறியியல் கல்லூரிகளின் கணித, இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களே இதைத் தொகுத்துவிடுவார்கள்.

2. அறிமுகப் பயிற்சியின் முதல் நாளில் மதிப்பெண் இல்லாத ஒரு மணி நேரத் தேர்வு வையுங்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் யாருக்கு எது விடுபட்டிருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். அடுத்த இரண்டு வாரமும் காலை வேளையை அந்த அடிப்படைகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

3. கடைசிச் சுற்றுகளில் சேர்வோருக்கு விடுபட்ட பாடங்களைத் தனி வகுப்பில் நடத்துவதைக் கட்டாயமாக்குங்கள்.

4. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியக் குழுவின் விதி. அந்த இருபது பேருக்கும் அவரே மெண்டர் என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும். முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த வாரத்திலேயே அவர் ஒவ்வொருவரோடும் தனியே உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டுக்குப் போன் போட்டுக் குறை சொல்வதை அந்தப் பேச்சுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

5. கணினி லேபும் நூலகமும் மாலையில் இரண்டு மணி நேரமாவது முதலாண்டினருக்குத் திறந்திருக்கட்டும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலரைச் சிறு ஊக்கத்தொகை கொடுத்து அங்கே உதவிக்கு உட்கார வையுங்கள். ராகிங்கைத் தடுக்க 1997-இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சீனியர் என்றால் ஒதுங்கிப் போக வேண்டியவர் என்ற அச்சம் நீங்க, அண்ணனாகவும் அக்காவாகவும் பாடம் சொல்லித்தர அவர்களுக்கு இப்படி ஓர் இடம் அமைத்துத் தருவதைவிட நல்ல வழி இல்லை. பத்து மைல், இருபது மைல் தள்ளியிருந்து கல்லூரி பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு அந்த நேரம் எட்டாது. அவர்களுக்காக வாரத்தில் இரண்டு பாடவேளையைப் பகலிலேயே ஒதுக்க வேண்டும்.

6. கல்லூரிவாரியாக முதல் செமஸ்டர் தேர்ச்சியைத் தனியாக வெளியிடுங்கள். 7.5 விழுக்காட்டில் சேர்ந்தவர்களின் தேர்ச்சியும் அதில் தெரியட்டும். அடுத்த ஆண்டு கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு, அந்தக் கல்லூரி புதிய பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதைக் காட்டும் சான்று அதுதான்.

மாணவர்களின் பங்கும் இதில் உண்டு. அதையும் உங்கள் அலுவலகமே ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஆணையோடு கொடுக்கலாம். அந்தப் பக்கம் மாணவர்களிடம் இப்படிச் சொல்லட்டும்: அன்றன்று நடத்திய பாடத்தை அன்று மாலையே ஒருமுறை எழுதிப் பாருங்கள். கணக்கைக் கண்ணால் படிக்காதீர்கள், நோட்டை மூடிவிட்டுத் தாளில் போடுங்கள். பள்ளியில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் கைகொடுத்திருக்கலாம். இங்கே இரண்டு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்தால் 20-க்கு மேல் கிடைக்காது. மீதி 80 மதிப்பெண் விரிவான விடைகளுக்கு. அதற்குப் பாடப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். இன்ஜினியரிங் டிராயிங்கில் பக்கத்து ஷீட்டைப் பார்த்து வரையாதீர்கள். ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்து முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்துவிட்டு டிராஃப்டரைத் தொடுங்கள். புரியாததை அந்த வாரத்திலேயே கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் மூன்று பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். இரவு தூங்குங்கள். ஓர் அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே அதை எழுதி முடித்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தில் ராகிங் புகாருக்கான இலவச தேசிய உதவி எண் 1800-180-5522-உம் இருக்கட்டும். மனச்சோர்வு வந்தால் கல்லூரியில் யாரிடம் போக வேண்டும் என்பதும், அவர் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார் என்பதோடு குறிக்கப்பட்டிருக்கட்டும். முதல் முறையாக வீட்டைப் பிரிந்து விடுதிக்கு வரும் பிள்ளைக்கு, போய்ப் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிவதே பெரும் துணை.

படிக்கும் பொறுப்பு மாணவருடையது, பாடம் நடத்தும் பொறுப்பு கல்லூரியுடையது என்று சொல்லி உங்கள் அலுவலகம் விலகிக்கொள்ளலாம். ஆனால் அந்த மாணவரை அந்தக் கல்லூரியில் சேர்த்தது உங்கள் ஆணை. அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர் அவராக இருக்கலாம். அரசு முத்திரை பதித்த அந்தத் தாளை நம்பித்தான் அவருடைய பெற்றோர் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். அடுத்த கலந்தாய்வு அறிவிக்கை வெளிவரும் முன்பே, முதல் செமஸ்டருக்கான இந்த ஏற்பாடுகளை எல்லாக் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். செய்தார்களா என்பதை ஆய்வு செய்து முடிவை வெளியிடுங்கள். தமிழகத்தின் ஆயிரக்கணக்கான வீடுகள் சார்பில் உங்களிடம் நாங்கள் கேட்பது இதைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர் குழு