இளமை திரும்பிய நட்சத்திரங்கள்

செங்கற்பட்டுப் பள்ளிக்கூடங்களில் இருந்து மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். நல்ல காரியம். பிள்ளைகள் ஐந்து ரதம் பார்க்கிறார்கள். அர்ச்சுனன் தபசு பார்க்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

பெரிய காட்சி அதன் பிறகுதான் தொடங்குகிறது!

தைப்பூசம் கழிந்து பத்து நாள் ஆகட்டும். நிலவு இல்லாத முன்னிரவில், கடலுக்கு மேலே கிழக்கு வானத்தைப் பாருங்கள். பூச நட்சத்திரங்களின் நடுவே மங்கலாக ஒரு புகைத் திட்டு தெரியும். அது புகை அல்ல, நட்சத்திரக் கூட்டம். அதில் உள்ளவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. வயது 60 கோடி ஆண்டுக்கு மேல்.

நட்சத்திரங்களிலும் ஊதாரி உண்டு, சிக்கனக்காரன் உண்டு. எடை மிகுந்தது நீலமாகச் சுடர்விடும். எரிபொருளை வாரி இறைத்துச் சீக்கிரம் அழியும். எடை குறைந்தது மெல்ல எரிந்து நெடுங்காலம் வாழும். ஆகவே, வயதான கூட்டத்தில் நீல நட்சத்திரம் இருக்கக் கூடாது.

ஆனால் இருக்கிறது! பூசக் கூட்டத்திலும் ஒன்று உண்டு. 1953-ல் அமெரிக்க வானநூலார் ஆலன் சாண்டேஜ் வேறொரு கூட்டத்தில் இத்தகையவற்றைக் கண்டார். உடன்பிறந்தவை போன பிறகும் போகாமல் நிற்பதால் "பின்தங்கிய நீல நட்சத்திரங்கள்" என்று பெயர் வந்தது.

ரகசியம் என்ன? சில நட்சத்திரங்கள் ஜோடியாக ஒன்றையொன்று சுற்றும். அவற்றில் இருந்து வீசும் காற்று, சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களவாடும். இடைவெளி குறையும். இரண்டும் ஒட்டும். கடைசியில் ஒன்றாகிவிடும். எடை கூடும். நடுவில் புது எரிபொருள் சேரும். கிழ நட்சத்திரம் மீண்டும் குமரியாகிவிடும்!

இது கட்டுக்கதை அல்ல. விருச்சிக ராசியில் ஒரு ஜோடியைச் சில ஆண்டுகளாகப் படம் பிடித்து வந்தார்கள். சுற்றும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. 2008-ல் திடீரென்று பல்லாயிரம் மடங்கு பிரகாசம்! இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இன்னொரு வழியும் உண்டு. அது அவ்வளவு மங்களகரம் அல்ல. ஒன்று மற்றதன் பொருளை உறிஞ்சிக் கொழுக்கும். அதைக் கையும் களவுமாகப் பிடித்தது நம் நாட்டு "அஸ்ட்ரோசாட்". இதே கடற்கரையில் வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2015 செப்டம்பர் 28-ல் ஏவப்பட்டது. வடதுருவ வானத்தில் உள்ள பழைய கூட்டம் ஒன்றை அது பார்த்தது. நீல நட்சத்திரத்தின் பக்கத்திலேயே, பறிகொடுத்த துணை கடும் சூட்டோடு நின்றது! 2016-ல் இதை வெளியிட்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண்மணி, அன்னபூரணி சுப்பிரமணியம்.

நம் பிள்ளைகள் இதை அறிய வேண்டாமா? புத்தகத்தில் படித்தால் போதாது, கண்ணாலும் பார்க்க வேண்டும். விடுதி விளக்குகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. புகைத் திட்டு இன்னும் எத்தனை காலம் கண்ணுக்குத் தெரியுமோ!

தலைமை ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறோம். பஸ்ஸை ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். விளக்கு இல்லாத மணலில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். கடலில் இறங்க விடாதீர்கள். வர நேரமாகும் என்று வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.