சீறும் காரும் சிதைந்த சாலையும்

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல கார் ஒன்றை, கோடிகளைக் கொட்டி ஒரு சீமான் வாங்குகிறார். வாங்கட்டும்! பணம் அவருடையது; ஆசை அவருடையது; வண்டியும் அவருடையதே. ஆனால் அந்த வண்டி ஓடுவதற்கு ஒரு சாலை வேண்டுமே, அது யாருடையது? இந்தக் கேள்வியைத்தான் இந்த ஞாயிறன்று தோழர்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

"நாட்டில் ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியா அரசியல் கட்டுரை?" என்று கேட்கத் தோன்றும். அரசியல் சட்டமன்றத்தில் மட்டுமா குடியிருக்கிறது? அரிசியிலே இருக்கிறது, உப்பிலே இருக்கிறது, பேருந்துக்காகக் கால்கடுக்க நிற்கும் நிழற்குடையிலே இருக்கிறது. கோடி ரூபாய்க் காரில் மட்டும் இல்லாமற் போய்விடுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வேகத்தின்மீது மனிதன் கொண்ட காதலை நாம் பழிக்க வரவில்லை. தூத்துக்குடிச் சீமையில் கோயில் கொடை வந்தால் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிறதே, பார்த்திராத தோழர் யார்? பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாகக் காளைகள் பாய்ந்து வருகையில், சாலையின் இருமருங்கும் ஊரே திரண்டு நின்று ஆர்ப்பரிக்கிறது. வெல்கின்ற மாடு எவருடையதாயினும், களிப்பு எல்லோருக்கும் உரியதாகிறது. வேகம் தரும் இன்பத்தை நம் மக்கள் நன்கறிவார்கள்.

இயந்திர வேகத்திலும் தமிழர் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். இரண்டாம் உலகப்போரின்போது விமானத் தளமாயிருந்த சோழவரத்து ஓடுபாதையில், பிற்காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. கோண்டல் மகாராஜா போன்ற சிற்றரசர்கள் அயல்நாட்டுக் கார்களைக் கொண்டுவந்து அங்கே ஓட்டினார்கள். கோவையின் கரிவரதனோ, மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டிக் காட்டினார். மன்னர்களின் பொழுதுபோக்காயிருந்ததைத் தொழில் அறிந்த இளைஞர்களின் கைக்கு எட்டவைத்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இவை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க செய்திகளே.

ஆகவே, காரை வாங்கியவரின் மகிழ்ச்சி நமக்குப் புரிகிறது. விசையை மிதித்ததும் எஞ்சின் உறுமுகிறது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. தரையோடு தரையாக வண்டி வழுக்கிச் செல்கிறது. தேநீர்க் கடையருகே நிறுத்தினால் சிறுவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொள்கிறார்கள். கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அழகிய இயந்திரம் ஒன்றைக் கண்டு வியக்காத மனம் ஏது?

ஆனால் அந்த மகிழ்ச்சி எத்தனை கிலோமீட்டருக்குத் தாங்குகிறது? தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முந்நூறு ஓடும் கார் எட்டு நிமிடங்களில் போய்ச் சேரவேண்டும் என்று கணக்குச் சொல்லும். கணக்குப் புத்தகத்தில் முள்ளக்காடு இல்லை, பழையகாயல் இல்லை, முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் எதுவுமே இல்லை. சாலையிலோ அத்தனையும் இருக்கின்றன. உப்பு ஏற்றிய லாரி முன்னே ஊர்கிறது. வாழைத்தார் ஏற்றிய வண்டி திரும்புகிறது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஓரமாக நடக்கிறார்கள். தைப்பூசம் வந்தாலோ, பச்சை உடுத்திய பக்தர்கள் காவடியோடு வெறுங்காலில் சாரிசாரியாகச் செல்கிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் சீமானின் கார் ஆமையாகிவிடுகிறது!

போதாக்குறைக்கு வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர். ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். விதியை மீறி உயர்த்தப்பட்ட தடைகளோ எத்தனையோ! ஒவ்வொன்றிலும் வண்டி உரசுகிறது. உடையவரின் நெஞ்சும் சேர்ந்து உரசுகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பைத் தின்னப் பார்க்கிறது. பழுது வந்தால் சீர்செய்வதற்குப் பெருநகரத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பவேண்டும். சென்னையோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்! அங்காவது பறக்கலாமா என்றால், 2023 நவம்பரில் சென்னைக் காவல்துறை கார்களுக்கு வகுத்த உச்சவரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர்.

"இந்த நாடு உருப்படுமா?" என்று சீமான் அலுத்துக்கொள்கிறார். சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது என்கிறார். உண்மை! அந்தக் குழியில் நம் உப்பளத் தொழிலாளியின் மிதிவண்டி நெடுநாளாக விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. மழை வந்தால் போக இயலவில்லை என்கிறார். உண்மை! அந்த மழையில் பள்ளிப் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நடந்திருக்கிறார்கள். அவருடைய குறை ஒவ்வொன்றும் நம்முடைய குறையே. நாம் காலங்காலமாக முறையிட்டு வந்ததை அவர் இப்போதுதான், கோடி ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்!

அந்த வேகத்தடை எப்படி வந்தது என்று அவர் எண்ணிப் பார்த்ததுண்டா? எங்கோ ஒரு வளைவில், பால் வாங்கச் சென்ற சிறுமி மீது வண்டி மோதியது, ஊர் கூடிச் சாலையில் அமர்ந்தது, அதிகாரி வந்தார், தடை எழுந்தது. நம் சிற்றூர்களில் பல வேகத்தடைகளின் வரலாறு இதுதான். ஏழைகள் எழுதிய மனு தாரும் ஜல்லியுமாய் அங்கே கிடக்கிறது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897 பேர். நடந்து சென்றவர்கள் 32,825 பேர். மனுவை எழுதியவர்கள் யார் என்று இந்த எண்கள் சொல்லும்.

இயற்கை சீறும்போது சீமானின் கார் என்னவாகும்? 2023 டிசம்பர் 17, 18 நாட்களை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகடந்தது, குளங்கள் உடைந்தன, ஏரல் தீவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடிமண்ணே அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கினர். அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள். எவ்வளவு விலையுயர்ந்த எஞ்சினும் அன்று எவரையும் ஓரடி நகர்த்தவில்லை; மீனவர்களின் படகுகளே தெருக்களில் நுழைந்து மக்களை மீட்டன. சாலை மூழ்கினால் கோடி ரூபாய்க் காரும் மிதிவண்டியும் ஒன்றுதான். பொதுவானது அழியும்போது தனியுடைமையும் உடன் அழிகிறது.

இவ்வளவும் கண்ட பின்னர், சீமானும் அவருக்காகப் பரிந்து பேசுவோரும் எதைக் கேட்கிறார்கள்? நல்ல வடிகால் கேட்கிறார்களா? நடைபாதை கேட்கிறார்களா? இல்லை, வரிச்சலுகை கேட்கிறார்கள்!

2002-ல் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு, பிராட்மனின் 29 சதங்களை எட்டியதற்காக, ஃபியட் நிறுவனம் ஃபெராரி கார் ஒன்றைப் பரிசளித்தது. அவருடைய ஆட்டத்தைப் போற்றாதவர் இல்லை. ஆனால் அந்தக் காருக்குரிய சுங்கவரி, ஏறத்தாழ 1 கோடியே 13 லட்சம் ரூபாயைத் தள்ளுபடி செய்ய அன்றைய மத்திய அரசு முன்வந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வழக்கும் நீதிமன்றம் சென்றது. இறுதியில் அந்த நிறுவனமே வரியைக் கட்டியது. மக்கள் வாய் திறந்ததால் வந்த பணம் அது. வாய் மூடியிருந்தால் போயிருக்கும்.

அன்று ஒரு காருக்கு, இன்று? 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக உடன்பாடு, நூற்றுக்கு நூறுக்கு மேல் இருந்த கார் இறக்குமதி வரியை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டு, படிப்படியாக நூற்றுக்குப் பத்தாகக் குறைக்க வழிசெய்கிறது. உடன்பாட்டால் நம் நெசவுக்கும் மீனுக்கும் சந்தை கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்தால் மகிழ்வோம். ஆயினும் கேட்கிறோம்: சீமானின் காருக்கு இறக்கும் வரியை எந்த ஏழையின் பையிலிருந்து ஈடுகட்டப் போகிறீர்கள்? தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாகன வரி திருத்தப்பட்டபோது, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு நூற்றுக்கு இருபது என்று வகுக்கப்பட்டது. விலை ஏற வரியும் ஏறுவதே நியாயம். மிகுதியாக வாங்கியவர் மிகுதியாகக் கொடுக்கட்டும்; கொடுத்ததெல்லாம் அவருடைய காரும் ஓடப்போகும் சாலைக்குத்தானே வந்து சேரவேண்டும்!

வரியைவிடக் கொடியது ஒன்றுண்டு. சட்டத்தையே விலைக்கு வாங்க முற்படுவது! 2024 மே 19 அதிகாலையில், புனே நகரில் ஒரு போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டார்கள். ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வயது பதினேழு. அந்தக் காருக்கு 1,758 ரூபாய்ப் பதிவுக் கட்டணம் கட்டப்படாததால் நிரந்தரப் பதிவே முடிந்திருக்கவில்லை. சில மணி நேரத்தில் பிணை கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று யாது? சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும்! இரத்த மாதிரி மாற்றப்பட்டதாகப் புகார் எழுந்து மருத்துவர்களே கைதானார்கள். நாடு கொதித்தெழுந்த பிறகே பிணை உத்தரவு திருத்தப்பட்டது. இரண்டு உயிர்களுக்கு முந்நூறு சொற்கள். உயிருக்கு நூற்றைம்பது சொல். உப்பு லாரி ஓட்டுநர் ஒருவர் இடித்திருந்தால், அவரிடம் கட்டுரையா கேட்டிருப்பார்கள்?

இதற்கு மாற்று உண்டா? உண்டு! இந்தக் கடற்கரையே அதை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, தன் ஒருவருக்காகவா கப்பல் வாங்கினார்? 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று வகுத்து, சிறு முதலீட்டாளர்களையும் கப்பலுக்கு உடைமையாளர்களாக்க முனைந்தார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றுவோம் என்றது. குடையும் தருவோம் என்றது. கம்பெனியை நொறுக்கினார்கள், அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். ஆனால் 'பொது வாகனம் மக்களின் மானம்' என்ற எண்ணத்தை நொறுக்க முடிந்ததா? 1970களில் தனியார் பேருந்துகள் நாட்டுடைமையாகி, நெல்லையில் கட்டபொம்மன் பெயரால் போக்குவரத்துக் கழகம் 1974-ல் எழுந்ததும், 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியதும், அந்த எண்ணத்தின் வழிவந்தவையே.

இன்று கார் தொழிலே தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சில்லாநத்தம் சிப்காட்டில் அமைத்த மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்துவைக்கப்பட்டது. முதற்கட்டமாக ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது திட்டம். குண்டுமழையில் வெந்த வியட்நாம் கார் செய்யும் நாடாக எழுந்திருப்பதைப் பாராட்டுவோம். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதை வரவேற்போம். அதே வேளையில் இந்தக் கடலின் பழைய பாடத்தையும் நினைவில் கொள்வோம். மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தவர்கள் கழுத்தில் முத்துமாலை ஏறவில்லை. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. குளித்தவர்களின் வறுமை ஓயவில்லை. முத்துக்கு நேர்ந்தது காருக்கும் நேரக்கூடாது. காரைச் செய்கின்ற தொழிலாளி, வேலை முடிந்து வீடு திரும்பப் பேருந்தின்றி நெடுஞ்சாலையோரம் இருட்டில் நடக்கும் நிலை வரலாகாது.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை, ஆனால் உறுதியானவை. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் திருச்செந்தூருக்கு வரும் சாலைகளில், நடப்பவர்களுக்கென்று தனிப்பாதை நெடுகிலும் வேண்டும். அதில் விளக்கு வேண்டும். 2023 வெள்ளத்தை அளவுகோலாகக் கொண்டு பாலங்களும் மதகுகளும் அமையவேண்டும். தொழிற்பேட்டைக்கும் உப்பளத்துக்கும் வேலைநேரத்துக்கு ஏற்பப் பேருந்து ஓடவேண்டும். ஆடம்பர வண்டியின் வரியில் கைவைக்காதீர்கள். வந்த வரியைச் சாலைக்குச் செலவிடுங்கள். உயிரைப் பறித்தவர் எந்தக் காரில் வந்தாலும் சட்டம் ஒன்றாகவே இருக்கட்டும்.

தோழர்களே! இவற்றை மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் தன் எல்லையிலுள்ள சாலையை நடந்து பார்க்கட்டும், குழிகளை எண்ணட்டும், விளக்கில்லாத வளைவுகளைக் குறிக்கட்டும், மக்களின் கையெழுத்தோடு அதிகாரிகளின் மேசைக்குக் கொண்டு செல்லட்டும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் கையெழுத்திட வந்தால் அவரையும் வரவேற்று எழுதுகோலைக் கொடுங்கள். சாலை செம்மையானால் அவருடைய காரும் நலமாகத்தான் ஓடும்.

கார் ஒருவரைச் சுமக்கும். சாலை ஊரையே சுமக்கும். ஊரைச் சுமக்கும் சாலையைக் காப்போம், வாரீர்!